எல்லா டப்பாவும் பச்சை

என் மனைவி இறந்தப்ப அவளோட கடலைச்செடி நோய் ஆராய்ச்சி பாதியில நின்னுச்சு. ஜீன் டேட்டா லேப்டாப்ல கெடந்துச்சு. நான் சாஃப்ட்வேர்காரன்தான், ஆனா அதத் தொறக்க மனசு வரல.

இன்னைக்கு திருச்சியிலேருந்து வர்ற பஸ்ல அவ தங்கச்சி அத மடியில வச்சு ஒக்காந்துட்டா. ஒரு வரி கோட் தெரியாது. கோட் எழுதாமலே டேட்டாவ அலசுற ஒரு வெப்சைட்டுல, ஒரு வேலைக்கு ஒரு டப்பான்னு இழுத்துப் போட்டு, கோடு இழுத்துச் சேத்தா.

கீரனூர்ல டப்பா எல்லாம் சிவப்பு. எரர்.

"குடு, நான் கோட் எழுதுறேன்."

"கைய எடுங்க மச்சான். அரிசி களையாம ஒலையில போட்டுட்டேன்." டேட்டாவச் சுத்தம் பண்ற டப்பாவ முன்னாடி இழுத்து வச்சா.

நார்த்தாமலையிலேருந்து ஒவ்வொண்ணாப் பச்சையாச்சு. திருக்கோகர்ணத்துல அவ அக்கா தேடுன கிருமியோட பேரே வந்துருச்சு. கத்திட்டா.

"என்னம்மா, லாட்டரியா?"ன்னாரு கண்டக்டர்.

"எங்கக்கா ஜெயிச்சுட்டாண்ணே!"

ரொம்ப நாளைக்கப்புறம் நானும் சிரிச்சேன். எறங்க வேண்டிய ஸ்டாப்பும் போச்சு.

சாஃப்ட்வேர்காரனுக்கு வேற வேலை இருந்தா சொல்லுங்கப்பா.