பட்டனக்காவின் பதினாறு தையல்

இது சத்தியமாக நடந்த கதை. நடுநடுவே ஒரு முழம் மூன்று முழமாக நீளும், அதையும் இப்போதே ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

குழந்தைகளுக்குக் கோட்டு தைக்கிற கம்பெனியில் பட்டன் தைப்பவள் அவள். எல்லோருக்கும் பட்டனக்கா. அவள் தைத்த பட்டனைப் பிடித்துத் தூக்கினால் கோட்டு வரும், கோட்டுக்குள் இருக்கிற பிள்ளை வரும், பிள்ளை உட்கார்ந்திருக்கிற பெஞ்சும் கூடவே வரும். அவள் மகள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, கழன்ற பட்டன் ஒன்றை வாயில் போட்டு மூச்சு முட்டிப் பிழைத்தாள். அன்றிலிருந்து இவள் கை அப்படித்தான்.

ஒருநாள் சூப்பர்வைசர் ஒரு கடிதத்தை நீட்டினார். முழுக்க இங்கிலீஷ்.

"நாளைக்குக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க."

இது மூன்றாவது கடிதம். மூன்றிலும் கையெழுத்து விழுந்தால் வேலை போச்சு. வீட்டுக்கு வந்து மகளிடம் கொடுத்தாள்.

"நீ இனார்டினேட் அளவுல நூல் செலவு பண்றியாம்மா."

"அப்படின்னா?"

"அளவு மீறினது. கொஞ்சம் கூடிப்போனா இதைப் போட மாட்டாங்க. நியாயமான அளவைத் தாண்டி ரொம்ப தூரம் போனாத்தான். பேச்சுல அவ்வளவா வராது, இந்த மாதிரி லெட்டர்லதான் வரும்."

பேப்பருக்குப் பின்னாலிருந்து கணவர், "அப்ப உங்கம்மா பேச்சுக்குப் போடலாம்" என்றார்.

"முதல்ல உங்க குறட்டைக்குப் போடுவோம். தெருமுனை நாய் எழுந்து உக்காருது."

சிரித்தாளே தவிர, கடிதத்தில் கையெழுத்துப் போடவில்லை. காலையில் நேராக மேனேஜர் அறைக்குப் போனாள்.

"சார், அளவைத் தாண்டிட்டேன்னு எழுதியிருக்கீங்க. அளவு எத்தனை சார்?"

மேனேஜர் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் மின்விசிறியைப் பார்த்தார்.

"பாத்தாலே தெரியும் சார்."

"பாத்தா எனக்கும்தான் தெரியுது, மத்தவங்க போடுறது பத்தலைன்னு."

மேனேஜர் நான்கு கோட்டுகளைக் கொண்டுவரச் சொன்னார். பட்டனில் எடைக்கல்லைக் கட்டித் தொங்கவிட்டார்கள். ஆறு தையல் போட்ட பட்டன் தெறித்து ஜன்னல் வழியாக அடுத்த தெருவுக்கே போய்விட்டது. எட்டும் பிய்ந்தது. பத்து நின்றது. பட்டனக்காவுடையது பதினாறு, கல்லோடு சூப்பர்வைசரையும் சேர்த்துத் தொங்கவிட்டார்கள், அசையவே இல்லை.

"பத்தே போதுமேம்மா" என்றார் மேனேஜர்.

அவள் பத்து தையல் பட்டனைக் கையால் இழுத்தாள். திருப்பி இழுத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு தரம்.

"சரி சார், பத்து. ஆனா எல்லாரும் பத்து போடணும்."

கடிதத்தை மேனேஜரே கிழித்தார். 'பத்து' என்று எழுதிச் சுவரில் ஒட்டினார்கள். எல்லா மேஜையிலும் அதைச் சரிபார்க்கிற வேலை இப்போது அவளுடையது.

டீக்கடையில் நான் சொன்ன இந்தக் கதையைக் கேட்டுக்கொண்டிருந்த கட்டிங் மாஸ்டருக்கு இது செரிக்கவில்லை.

"அப்ப லெட்டர் சரிதானே? பத்துக்குப் பதினாறு மீறல்தானே?"

பக்கத்தில் உட்கார்ந்திருந்த இஸ்திரிக்காரர் எழுந்தேவிட்டார். "யோவ், அளவே வைக்காம எப்படிய்யா மீறுறது?"

"அதுக்காக பதினாறா?"

"நீ டீக்கு ஏழு பன்னு திங்கிற, அதுக்கு எவன் அளவு வச்சான்?"

"பன்னைப் பத்திப் பேசின, பல்லு இருக்காது!"

"எங்க, தொடு பாப்போம்!"