இரண்டு நாற்காலி வைத்திருந்தவள்

மிச்செஸ் என்ற தீவு ஊரில், கடலுக்கு இறங்கும் கடைசித் தெருவில் யார் வீட்டில் துக்கம் விழுந்தாலும் முதலில் ஆள் ஓடி வருவது ரெனாத்தா வீட்டுக்குத்தான். அவளிடம் பன்னிரண்டு வெள்ளை பிளாஸ்டிக் நாற்காலிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்புச் சாயத்தில் அவள் பெயர். பன்னிரண்டும் அப்படியே திரும்பி வந்ததாகச் சரித்திரம் கிடையாது. ஒன்பது வரும், கூடவே பக்கத்து வீட்டுப் பெயர் எழுதிய மூன்று வரும். ஜெர்மன்காரியான அவள் ஒரு காலத்தில் வீடு வீடாக ஏறி இறங்கி அவற்றை மாற்றி வந்திருப்பாள். இப்போது யார் பெயர் மேல் உட்கார்ந்தால் என்ன என்று விட்டுவிட்டாள்.

பதினான்கு வருடத்துக்கு முன் அவள் இந்தத் தெருவில் குடிவந்தபோது வீட்டில் இருந்தவை இரண்டே நாற்காலி. தெருவே அதைப் பற்றிப் பேசியது.

"மூணாவது ஆள் வந்தா என்னடா செய்வா?" என்று கேட்டாள் எதிர்வீட்டு நெரெய்தா.

"மூணாவது எங்க? ரெண்டாவது ஆளுக்கே எடமில்ல. அது அவ கால் நீட்டிக்கறதுக்கு" என்றான் மளிகைக்கடை ரதாமெஸ்.

அவளைச் சொல்லியும் குற்றமில்லை. ப்ரேமன் நகரில் ஒரு பல் மருத்துவரிடம் முப்பத்தொரு வருடம் நேரம் குறித்துக் கொடுக்கும் வேலை பார்த்தவள். பல் வலியில் துடித்து வந்தவனைக்கூட 'வியாழக்கிழமை பத்தேகாலுக்கு வாருங்கள்' என்று அனுப்பிய கை அது. கணவன் என்று யாரும் இல்லை. ஓய்வு பெற்றதும், வெயிலும், கடலும், 'தான் உண்டு தன் வேலை உண்டு' என்ற வாழ்க்கையும் வேண்டும் என்றுதான் இந்தத் தீவுக்கு வந்தாள். வெயிலும் கடலும் கிடைத்தன.

முதல் நாளே ரதாமெஸ் கடைக்குள் நேராக நுழைந்து, "ஆறு முட்டை" என்றாள். கடையில் உட்கார்ந்திருந்த ஏழு பேரும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ரதாமெஸ் முட்டையைத் தொடவே இல்லை. "முதல்ல எல்லாருக்கும் வணக்கம் சொல்லு, ராசாத்தி. முட்டை எங்கயும் ஓடிடாது" என்றான். கடைக்காரன் தன்னை ராசாத்தி என்றதற்குக் கோபப்படுவதா, வணக்கம் சொல்லாததற்கு வெட்கப்படுவதா என்று தெரியாமல் முட்டை வாங்காமலே வீடு திரும்பினாள்.

இப்படி ஒன்றா இரண்டா? நெரெய்தா தெருவின் அந்தப் பக்கத்திலிருந்தே, "குண்டாயிட்டியே கண்ணு! நல்லாருக்கு, நல்லாருக்கு" என்று கத்துவாள். போகிற வருகிறவர்கள் இரும்புக் கம்பிக் கதவில் மூக்கை வைத்து, என்ன சமையல் என்று கேட்பார்கள். ரெனாத்தா கதவுக்கு உள்பக்கமாக ஒரு துணித்திரை மாட்டினாள். அதைப் பார்த்து, "துணி துவைச்சுக் காயப் போட்டிருக்கியா?" என்று கேட்டார்கள்.

மூன்றாவது வருடம், வாசற்படியில் கால் இடறி விழுந்து கணுக்கால் எலும்பு ஒடிந்தது. மாவுக்கட்டுப் போட்ட மறுநாளிலிருந்து நெரெய்தா கம்பி வழியாகக் காலைக் காப்பி நீட்ட ஆரம்பித்தாள். கரண்டியை நட்டால் நிற்கும், அவ்வளவு சர்க்கரை. தான் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை என்று ரெனாத்தா மூன்று தரம் சொல்லிப் பார்த்தாள்.

"சர்க்கரை இல்லாத காப்பி சீக்காளிக்குக் குடுக்கறது. நீ என்ன சீக்காளியா? கால்தானே ஒடிஞ்சிருக்கு" என்றாள் நெரெய்தா.

கட்டுப்போட்ட ஐந்தாம் நாள் ப்ரேமனிலிருந்து தம்பி டெட்லெஃப் தொலைபேசியில் அழைத்தான். அம்மா தூக்கத்திலேயே போய்விட்டாள். தொண்ணூற்றொரு வயது. அடக்கம் அடுத்த வாரம். விமானத்தில் இப்போது ஏறவே கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். போக முடியாது என்பது இருவருக்கும் பேசாமலே புரிந்தது.

ஆனால் ரெனாத்தாவை அறுத்தது அது மட்டுமல்ல. அவள் இங்கே வந்ததை அம்மா கடைசிவரை மன்னிக்கவில்லை. "அந்த ஊர்ல நீ செத்தா தூக்கறதுக்கு நாலு பேர் வரமாட்டாங்க" என்று ஒருநாள் போனில் சொன்னாள். ரெனாத்தாவும் சும்மா இருக்கவில்லை. "உனக்கு மட்டும் யார் இருக்கா? நீ போனா யார் வரப்போறா?" என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு ஐந்து மாதம் பேச்சில்லை. மகள் தாயிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை அதுதான். இனி அதைத் திருத்த எந்த வியாழக்கிழமையும் கிடையாது.

மறுநாள் காலை காப்பி வந்தபோது கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று, "அம்மா போயிட்டாங்க" என்று மட்டும் சொன்னாள். நெரெய்தா வாயில் கைவைத்தாள். ஒரு வார்த்தை பேசாமல் திரும்பிப் போனாள். பரவாயில்லை, இவளுக்கும் அடுத்தவர் தனிமை என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள் ரெனாத்தா.

ஒரு மணி நேரத்தில் தெருமுனையிலிருந்து நாற்காலிகள் வர ஆரம்பித்தன. தலையில் கவிழ்த்துக்கொண்டு பெண்கள், மோட்டார் சைக்கிளில் ஆறை அடுக்கிக் கட்டிக்கொண்டு ரதாமெஸ். பின்னாலேயே ஒரு மேசை, வெள்ளைத் துணி, காப்பிப் பானை. எல்லாருக்கும் முன்னால், செத்தவர்களுக்கு ஒன்பது நாள் ஜெபம் சொல்லும் சென்ச்சாக் கிழவி ஜெபமாலையும் கையுமாக வந்தாள்.

ரெனாத்தா நொண்டிக்கொண்டே கதவுக்கு வந்தாள். "ரொம்ப நன்றி. ஆனா இதெல்லாம் வேண்டாம். நான் தனியா இருக்கணும்."

தெரு திகைத்துப் போனது. சாவு வீட்டில் வந்தவர்களை வேண்டாம் என்று சொன்ன ஆளை அவர்கள் பார்த்ததே இல்லை. நெரெய்தா மட்டும் நாற்காலியைக் கீழே வைக்கவில்லை.

"இரு கண்ணு. உள்ள போய்த் தாராளமா தனியா இரு. நாங்க என்ன உனக்காகவா வந்தோம்? உங்கம்மாவுக்காக வந்திருக்கோம். எங்களுக்கு வாசல் போதும்."

ரெனாத்தா பூட்டைத் திறந்தாள்.

மேசைமேல் வைக்கப் படம் கேட்டார்கள். போனில் இருந்தது ஒன்றே ஒன்று. மழைக்கோட்டும் குடையுமாக அம்மா படமெடுத்தவரை முறைக்கும் படம். ரதாமெஸ் அதை அச்செடுத்து வந்து மெழுகுவத்திக்கும் தண்ணீர்க் கோப்பைக்கும் நடுவில் வைத்தான்.

"கோபக்காரியோ?" என்றாள் சென்ச்சா.

"ஆமா."

"தெரியுது. இவங்களுக்குக் கொஞ்சம் சத்தமாத்தான் ஜெபிக்கணும். சரி, என்ன பிடிக்கும்? படத்துக்கு முன்னால வைக்கலாம்."

ரெனாத்தா யோசித்தாள். "எதுவுமே பிடிக்காது" என்றாள். சொன்னதும் அவளுக்கே சிரிப்பு வந்தது. வந்த சிரிப்பு பாதியில் அழுகையாகத் திரும்பியது. நெரெய்தா அவள் ஒடிந்த காலைத் தூக்கித் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

தினம் பிற்பகல் நாலு மணிக்கு வந்தார்கள். இர்ம்கார்ட் என்ற பெயர் யார் வாயிலும் நுழையாததால் சென்ச்சா அம்மாவை இர்மா ஆக்கிவிட்டாள். ஆண்கள் பக்கவாட்டில் டோமினோக் காய்களை அடுக்கி ஆடினார்கள். பெண்கள் ஜெபத்துக்கு நடுவே ஊர்வம்பு பேசினார்கள். சிலர் உண்மையாகவே அழுதார்கள். நான்காம் நாள் ரெனாத்தா நெரெய்தாவிடம் கேட்டேவிட்டாள்.

"எங்கம்மாவை நீ பார்த்ததுகூட இல்லையே, எப்படி அழறே?"

"உங்கம்மாவுக்கா அழறேன்? எங்கம்மாவுக்கு அழறேன். அவ போயி வருஷக்கணக்காச்சு, இனிமே அதுக்குன்னு உக்காந்து அழ முடியுமா? உன் வீட்டுல எடம் கெடச்சுது, அழுதுக்கறேன்" என்று மூக்கைச் சிந்தினாள் நெரெய்தா.

எட்டாம் நாள் ரெனாத்தா முறைப்படி நன்றி சொல்ல எழுந்து நின்றாள். இரவெல்லாம் யோசித்து வைத்திருந்த நாலு வாக்கியம். இரண்டாவதிலேயே சென்ச்சா கையைக் காட்டி நிறுத்திவிட்டாள். "இதுக்குப் போயி பேச்செல்லாம் எதுக்கு? அடுத்த சாவுக்கு நாற்காலி கொண்டு வா."

ஒன்பதாம் நாள் தெரு முழுக்க அங்கே இருந்தது. அண்டாவில் கோழிச் சோறு வெந்துகொண்டிருந்தது. அப்போதுதான் டெட்லெஃப் அழைத்தான். போன் திரையில் அவன் சமையலறை தெரிந்தது. அன்று காலை அடக்கம் முடிந்திருந்தது.

"பதினோரு பேர் வந்தாங்க. இருபத்தஞ்சு நிமிஷம். அப்புறம் காப்பி, ஆளுக்கொரு துண்டு கேக். எல்லாரும் ரயிலைப் பிடிக்கணும்னு கிளம்பிட்டாங்க." கொஞ்சம் நிறுத்தி, "அங்க என்ன ஒரே சத்தம்?" என்றான்.

ரெனாத்தா போனை வாசல் பக்கம் திருப்பினாள். அறுபது பேருக்குக் குறையாது. சென்ச்சா இர்மாவின் ஆத்துமாவுக்காக உரக்கக் கேட்டுக்கொண்டிருந்தாள். மேசையிலிருந்து அம்மா எல்லாரையும் முறைத்துக்கொண்டிருந்தாள்.

"யாரு இவங்கல்லாம்?"

நீ போனால் யார் வரப்போகிறார்கள் என்று அவள் கேட்டிருந்தாளே, அதற்கு இதோ பதில் உட்கார்ந்திருந்தது.

"அம்மாவுக்கு வேண்டியவங்க" என்றாள்.

நெரெய்தா போன் திரைக்குள் தலையை நுழைத்தாள். "யாரது, தம்பியா? மூஞ்சி வாடிக் கெடக்கே. சாப்பிட்டானான்னு கேளு."

ரெனாத்தா ஜெர்மன் மொழியில் கேட்டாள். "இத்தனை நாளா யாரும் என்னை இதைக் கேக்கல" என்று சொல்லிவிட்டு அறுபத்திரண்டு வயது டெட்லெஃப் முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினான்.

அதை யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. நெரெய்தா போனை வாங்கினாள். தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை மேசைக்கு எதிரே இழுத்துப் போட்டு, அம்மா படம் தெரியும்படி போனை அதில் சாய்த்து வைத்தாள்.

"அழட்டும் விடு. எடம் இருக்கு" என்றாள்.

சென்ச்சா ஜெபத்தை முதலிலிருந்து மறுபடி ஆரம்பித்தாள். அது முடியும்வரை டெட்லெஃப் போனை வைக்கவில்லை. நெரெய்தா அத்தனை நேரமும் நின்றுகொண்டே இருந்தாள்.

கட்டு அவிழ்த்த மறுநாள் ரெனாத்தா கடைக்குப் போய் எல்லாருக்கும் வணக்கம் சொன்னாள். பிறகு, பத்து நாற்காலி எங்கே கிடைக்கும் என்று ரதாமெஸிடம் கேட்டாள்.