காவலாளியிடம் சொல்ல வேண்டியது

அப்பா நகராட்சிக் கணக்கு அதிகாரி. அவரும் பொறியாளரான மகளும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, எந்தத் தெருவிளக்குகளை அணைக்கலாம் என்று வெளிச்சம் அளக்கும் கருவியோடு தெருத்தெருவாக நடந்து பார்த்தது. கடைகள் பல மூடிக் கிடந்தன, வரி வரவில்லை, பட்ஜெட் கையைக் கடித்தது. பூங்காக் காவலாளியை நிறுத்திவிடலாம் என்றது நகர்மன்றம். ஆளை வெட்டுவதற்குப் பதில் மின்கட்டணத்தை வெட்டலாம் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார்.

"இந்தக் கம்பத்தை அணைச்சா மூலையே இருட்டாயிடும்பா."

"அப்போ நம்ம வீட்டு முன்னாடி இருக்கறதை அணைச்சிடு. உங்கம்மாகிட்ட திட்டு வாங்கறது எனக்கென்ன புதுசா?"

அவள் கணக்குப் போட்டுக் கொடுத்தாள். நகர்மன்றம் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டது. அன்று மாலை வீடு திரும்பிய அப்பா, "காவலாளிகிட்ட நாளைக்கு நானே நேர்ல போய்ச் சொல்றேன். வேலை போயிடும்னு மனுஷன் பாதி உயிராயிட்டார்" என்றார். விடிவதற்குள் நெஞ்சுவலி அவரைக் கொண்டுபோய்விட்டது.

துக்கம் கேட்க வந்தவர்களில் காவலாளியும் இருந்தார். கிளம்பும்போது பூங்காச் சாவியை அவளிடம் நீட்டினார்.

"ஐயா கையிலயே கொடுக்கணும்னு இருந்தேம்மா. இனி நீங்கதான் ஆபீஸ்ல சேர்த்துடணும்."

அவள் வாங்கவில்லை.

"உட்காருங்க. அப்பா உங்ககிட்ட ஒரு சேதி சொல்ல வர்றதா இருந்தார்."