சப்பாத்தைக் கழற்றிவிட்டு ஏறிய கோபுரம்

கூசேன்வில் என்கிற பிரெஞ்சு ஊர்ப் பக்கம் ஓர் அலுவலகத்தைத் துப்புரவாக்கப் பதினாறு வருடம் போய் வந்தேன். ரயிலால் இறங்கிப் பஸ் எடுத்தால் வழியில் அந்த வீடு வரும். சுற்றிவரக் கல்மதில், ஒரு மூலையில் உருண்டைக் கோபுரம், அதன் உச்சியில் கோடு கீறியது போல ஓர் ஓட்டை. அதற்குள் நின்று பார்த்தால் பஸ்ஸில் இருக்கிற நான் தெரிவேனா? யாரிடமும் இதைக் கேட்டதில்லை. கதவு எப்போதும் பூட்டித்தான் கிடக்கும்.

நான் வேலையை விட்டு நாலு வருடமான பிறகு, ரூ பெர்தொனே என்கிற தமிழ்க்கடைத் தெருவில் மரக்கறிக் கடையில் நிற்கிற என் சிநேகிதி, அந்த வீட்டை ஒருநாள் சனங்களுக்குத் திறக்கிறார்களாம் என்றாள். வாங்கிய முருங்கைக்காயைக் கடையிலேயே விட்டுவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்!

அன்றைக்கு நானும் சிநேகிதியும் போனோம். ஒரு பிரெஞ்சுப் பெண்தான் சுற்றிக் காட்டினாள். பன்னிரண்டு மணிக்குப் பூட்டுவோம், நீங்கள்தான் கடைசிக் குழு என்று வாசலிலேயே சொல்லிவிட்டாள். வாசலுக்கு மேலே சுவரில் இரண்டு நீட்டுப் பள்ளம். முந்தி அங்கே இருந்த தூக்குப் பாலத்தை உயர்த்தினால் அதன் மரங்கள் அதற்குள்தான் போய்ப் படியுமாம்.

“அக்கா, இது ராசாவின்ர கோட்டை இல்லையாம்,” என்று சிநேகிதி தமிழில் சொன்னாள். “சண்டைக் காலத்திலை ஒரு நிலக்காரன் குடும்பத்தையும் மாடுகளையும் காப்பாத்தக் கட்டின வீடாம்.”

வீடு என்று கேட்டதும் நான் படியில் சப்பாத்தைக் கழற்றிக் கையில் எடுத்தேன்.

“இதென்ன, கலியாண வீடே? போடுங்கோ அக்கா, கால் விறைக்கப் போகுது.”

“வீடெண்டால் வீடுதானே.”

உள்ளே எவ்வளவு பெரிய கூடம்! சுவர்த் தடிப்பை என் இரண்டு கையையும் விரித்தாலும் அளக்க முடியாது. முதலில் தெருப்பக்கம் ஜன்னலே இல்லையாம். சண்டை ஓய்ந்து பயம் தெளிந்த பிறகு வந்தவர்கள்தான் சுவரை வெட்டி ஜன்னல் வைத்தார்களாம். அந்த வெட்டுக்குள்ளேயே இரண்டு கல் இருக்கைகள். அதற்கும் பிறகு வயல் செய்த கமக்காரர்கள் கூடத்தில் வைக்கோல் அடுக்கினார்களாம்.

கோபுரப் படிக்கட்டுக்கு வந்தோம். சிநேகிதி முன்னால் ஏறிவிட்டாள். அப்போதுதான் அந்தப் பிரெஞ்சுப் பெண் என் வெறுங்காலைக் கண்டாள். ஓடிப் போய் ஒரு கதிரை கொண்டுவந்து, “மதாம், மதாம்” என்று என்னை இருத்திவிட்டு மேலே போனாள். கால் நோவில் சப்பாத்தைக் கழற்றினேன் என்று நினைத்துவிட்டாள்.

சப்பாத்தைக் கையில் பிடித்தபடியே இருந்தேன். மேலே காலடிச் சத்தம் தூரமாகிக்கொண்டே போனது. இன்றைக்கு விட்டால் இனி எப்போது? எழும்பினேன். இத்தனை வருடமும் ஓம் என்பதற்கு வுய், நன்றிக்கு மெர்சி, மன்னிப்புக்குப் பர்தோன் என்பதற்கு மேல் பிரெஞ்சில் நான் பேசியதில்லை. படிக்கட்டுக்குள் தலையை நீட்டினேன்.

“மதாம்! முவா ஓசி!”

நானும் வருகிறேன் என்றுதான். கற்கிணறு போன்ற அந்தப் படிக்கட்டு முழுக்க என் சத்தம் சுழன்றது.

“ஐயோ, இது எங்கட அக்காவின்ர குரலே!” என்றாள் சிநேகிதி மேலேயிருந்து.

கதிரைக்குக் கீழே சப்பாத்தைத் தள்ளிவிட்டு ஏறினேன். படிகள் நடுவில் தேய்ந்து குழிந்திருந்தன. பாதம் அதற்குள் நன்றாகப் பொருந்தியது. பாதி வழியில் ஒரு படி மட்டும் மற்றவற்றைவிட உயரம். கால்விரல் தொட்டதுமே எனக்குத் தெரிந்துவிட்டது, காலைத் தூக்கி வைத்தேன்.

“எதிரி ஓடி வந்தால் தடக்கி விழட்டுமெண்டு வேணுமெண்டே வைச்ச படியாம்,” என்றாள் சிநேகிதி, முழங்காலைத் தடவிக்கொண்டு. “நாங்கள் எல்லாரும் தடக்குப்பட்டனாங்கள். அந்தக் காலத்திலை வந்திருந்தால் நீங்கள் வீட்டைப் பிடிச்சிருப்பீங்கள்!”

உச்சியில், நான் பஸ்ஸிலிருந்து பார்த்த அந்த ஓட்டை வெளியே நாலு விரல் அகலம்தான். உள்ளே ஓர் ஆள் நிற்குமளவுக்கு விரிந்திருந்தது. அம்பு விடுகிறவன் நிற்கிற இடமாம். போய் நின்றேன். கீழே தெரு, பஸ் தரிப்பு. பஸ்ஸும் வந்தது! ஜன்னலோரம் மடியில் பையோடு ஒருத்தி.

“ஓம், தெரியுது!” என்றேன்.

“ஆர் தெரியுது? தள்ளுங்கோ, நானும் பாப்பம்.”

நான் தள்ளவில்லை. பூட்ட நேரமாகிவிட்டதென்று பிரெஞ்சுப் பெண் திறப்புக் கோர்வையைக் குலுக்கிக்கொண்டு நிற்க, அடுத்த பஸ்ஸும் வரட்டும் என்று அங்கேயே நின்றேன்.