விழப்போகிற பல்லுக்கு ஒரு டாக்டர்

என் தொழிலில் நோயாளிகள் யாரும் தாமாக நடந்து வருவதில்லை. தூக்கிக்கொண்டு வரப்படுகிறார்கள், அதுவும் அலறியபடி. நாமக்கல்லில் சின்னக் குழந்தைகளுக்குப் பல் வைத்தியம் பார்க்கிறேன். தினமும் காலையில் ஒரு கையில் பிரஷ்ஷும் மறு கையில் திமிறும் பிள்ளையுமாக நிற்கிற உங்களுக்கு நான் படும் பாட்டை விளக்க வேண்டியதில்லை. நாமெல்லாம் ஒரே கட்சி.

வீங்கிய கன்னம்

மோகனூரில் கரும்பு விவசாயம் பார்க்கும் குடும்பம். மூன்று வயது யாழினியை அவள் அம்மா சுதா தோளில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். இடது கன்னம் வீங்கி, அந்தப் பக்கத்துக் கண் மூடியே போயிருந்தது. இரண்டு நாளாகக் காய்ச்சல். வாயைத் திறந்தால் மேல் முன்பற்கள் நான்கும் பழுப்பு முனைகளாக நின்றன. கடைவாய்ப் பல்லின் அடியில் சீழ். பிறந்ததிலிருந்து சர்க்கரை போட்ட பால் பாட்டிலை வாயில் வைத்தபடியேதான் தூங்குவாளாம். "பல்லு கறுத்தது தெரியுமுங்க. விழுந்து மொளைக்கற பல்லுதானேன்னு உட்டுட்டமுங்க" என்று சுதா அழுதார்.

வீக்கம் கண்ணுக்கு ஏறிக்கொண்டிருந்ததால், பல்லைத் தொடாமல் உடனே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். குழந்தையைப் படுக்கையில் சேர்த்து ஊசி வழியாக மருந்து ஏற்றினார்கள்.  மூன்று நாளில் காய்ச்சல் விட்டது, வீக்கம் வடிந்தது, அந்தப் பல்லையும் எடுத்தாயிற்று. நான்காம் நாள் பார்க்கப் போனேன். யாழினி கட்டிலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து என்னை மேலும் கீழும் பார்த்தாள். "சொல்லு சாமி, இப்ப எப்படி இருக்கு?" என்றேன்.

"இப்ப ரெண்டு கண்ணுலயும் உங்களப் பாக்கறேன். ரெண்டுலயுமே உங்களப் புடிக்கல."

ரிக் வண்டி அப்பா

திருச்செங்கோட்டுக்காரர் ஒருவர், பெயர் பழனிசாமி. போர்வெல் போடும் ரிக் வண்டியில் வடக்கே போனால் மூன்று மாதம் கழித்துத்தான் வீடு. வரும்போது பை நிறைய சாக்லேட், கிரீம் பிஸ்கட், ஜெல்லி. அவர் வீட்டில் இருக்கும் பத்து நாளும் நான்கு வயது மகன் நித்தின் இடைவிடாமல் மென்றுகொண்டே இருப்பான். பல்லில் மூன்று ஓட்டைகள். எவ்வளவு தின்கிறான் என்பதைவிட எத்தனை தடவை தின்கிறான் என்பதுதான் பல்லைக் கெடுக்கும், சாப்பாட்டோடு சேர்த்து ஒரே வேளையாகக் கொடுங்கள் என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "பத்து நாள்தானுங்க ஊட்டுல இருக்கறேன். அந்தப் பத்து நாளும் அவனுக்கு நான் அப்பனாத் தெரியணுமில்லீங்களா?"

 "அப்படியானால் அந்தப் பத்து நாளும் அவனை மடியில் போட்டுக்கொண்டு நீங்களே பல் விளக்கிவிடுங்கள்" என்று மட்டும் சொன்னேன். ஆறு மாதம் கழித்து நித்தின் வந்தான். அடைத்த மூன்றும் அப்படியே இருந்தன, புதிதாக ஓர் ஓட்டைகூட இல்லை. "அப்பா இல்லாம வெளக்க மாட்டேன்னு அடம் புடிக்கறானுங்க. தெனமும் போன்ல வீடியோ போட்டாத்தான் வாயையே தெறக்கறான்" என்றார் அவன் அம்மா. பழனிசாமி வெட்கத்தோடு சிரித்தார்.

"போர் போடற எடத்துல அத்தன பேரு நிக்கறாங்க, அவங்க முன்னால நானும் பிரஷ்ஷ வாயில வெச்சுக்கிட்டு நிக்கறனுங்க!"

ஒரு மூடி மருந்து

இது நான் தலைகுனிந்த கதை. வாழப்பாடியிலிருந்து வந்த கவிதா டீச்சர் தன் மகனுக்கு மிட்டாயே வாங்கித் தருவதில்லை. தினமும் இரண்டு வேளை அவரே பல் விளக்கிவிடுகிறார். ஆனாலும் பையனுக்கு ஐந்து பல்லில் சொத்தை. நான் நம்பவில்லை. வரும்போதெல்லாம் "உண்மையைச் சொல்லுங்க, என்ன திங்கிறான்?" என்று போலீஸ்காரி மாதிரி கேட்டேன். மூன்றாவது தடவை அவர் கண் கலங்கிவிட்டது.

அந்த நேரம் பையனுக்கு இருமல் வந்தது. அவர் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து ஒரு மூடி மருந்து ஊற்றிக் கொடுத்தார். வாங்கிப் பார்த்தேன், பாகு மாதிரி ஒட்டியது. இழுப்புக்காக ஒரு வருஷமாகப் படுக்கும் முன் தினமும் கொடுக்கிறாராம், பல் விளக்கிய பிறகு! மருந்தைப் பற்றி நான் ஒரு நாளும் கேட்டதே இல்லை. மன்னிப்புக் கேட்டேன். அவருடைய குழந்தை டாக்டரிடம் நானே பேசி, சர்க்கரை இல்லாத மருந்தாக மாற்றச் செய்தேன். கவிதா முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"அப்போ தப்பு என்மேல இல்லைதானே மேடம்? இதை எங்க மாமியாருக்கு போன் போட்டுத் தரேன், அப்படியே இன்னொரு தடவை சொல்லுங்க."

என் வீட்டுப் பல்

போன மாதம் என் நான்கு வயது மகள் வாய்விட்டுச் சிரித்தபோது பார்த்தேன்: கீழ்க் கடைவாய்ப் பல்லில் பழுப்பாக ஒரு குழி.  ஏழு வயது வரை பெரியவர்கள்தான் விளக்கிவிட வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள், வேலை அவசரத்தில் பிரஷ்ஷை அவள் கையிலேயே கொடுத்துவிட்டிருந்தேன்.

கிளினிக்குக்குத் தூக்கிக்கொண்டு ஓடினேன். பத்து வருஷமாக என்னிடம் உதவியாளராக இருக்கும் செல்வியக்கா வழக்கமான படிவத்தை எடுத்து வைத்து, முகத்தில் சிரிப்பே இல்லாமல், "ஏனுங்க, ஊட்டுல யாரு பல்லு வெளக்கி உடறது?" என்று கேட்டார். நான் எக்ஸ்ரே எடுக்கத் திரும்பிக்கொண்டேன். சொத்தை நரம்பு வரை போகவில்லை. பத்து நிமிஷத்தில் அடைத்து முடித்தபோதுதான் மூச்சே வந்தது. செல்வியக்கா படிவத்தை மடித்தார். அடுத்து எப்போது வர வேண்டும் என்பதை எழுதுவதும் அவர் வேலைதான்.

"பாப்பா ஆறு மாசம் கழிச்சு வந்தாப் போதுமுங்க. அம்மாகாரிதான் மாசாமாசம் வரோணுமுங்க."

பிள்ளைகளின் பல்லைக் கெடுப்பது பெரும்பாலும் வீட்டாரின் பாசம்தான். நல்லவேளையாக, அந்தப் பாசத்தைப் பிடுங்குகிற குறடு எங்களிடம் இல்லை.