கீழவைப்பாரில் நின்றவன்

வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள். பரணில் கிடந்ததெல்லாம் மூன்று நாட்களாகக் கூடத்தில் இறங்கி உட்கார்ந்திருக்கிறது. அவற்றுள் பெரும்பகுதி என் பேச்சுப்போட்டிக் கேடயங்கள். இதைச் சொல்லிக்கொள்ளத்தான் கட்டுரையைத் தொடங்கினேனோ என்று, நண்பரே, உங்களுக்கு ஓர் ஐயம் எழலாம். நியாயமான ஐயம்தான். ஆனால் இன்று நான் சொல்ல வந்தது, அந்தக் கேடயங்களுக்கு அடியில் நசுங்கிக் கிடந்த ஓர் அட்டைப்பெட்டியைப் பற்றி. மூடியைத் தூக்கியவுடன் டீசலும் அந்துருண்டையும் கலந்த ஒரு வாடை எழுந்தது. சுண்ணாம்பு வாடையை மீறிக்கொண்டு அது வந்த வேகத்தில் நான் தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

அது என் பள்ளித்தோழி ஜெசிந்தாவின் வீட்டு வாடை. அவளுடைய பப்பா கப்பலில் எஞ்சின் அறையில் வேலை பார்த்தவர். எட்டு மாதத்துக்கு ஒருமுறை ஊருக்கு வருவார். அவர் பெட்டியைத் திறந்தால் சோப்பு, சாக்லேட், சட்டைத்துணி எல்லாவற்றிலும் அந்த வாடையே இருக்கும். நாங்கள் ஒன்பதாம் வகுப்பு முடித்த கோடையில், ஏதோ ஓர் அமெரிக்கத் துறைமுகத்திலிருந்து அவர் இந்தப் பெட்டியை வாங்கி வந்தார். மேல்அட்டையில் ஒருவன் மட்டையை ஓங்கிக்கொண்டு நிற்கும் படம். "மட்டை இருந்திச்சி, கிரிக்கெட்டுன்னு நெனச்சி வாங்கிட்டேன்" என்று அவர் பின்னால் ஒப்புக்கொண்டார். அது பேஸ்பால். மேசைமேல் பகடை உருட்டி ஆடும் பேஸ்பால்.

அதன் அமைப்பை ஒரு பத்தியில் சொல்லிவிடுகிறேன். ஒவ்வோர் ஆட்டக்காரனுக்கும் ஒரு சீட்டு உண்டு. பகடையில் விழும் எண்ணைச் சீட்டில் பார்த்தால், அவன் அடித்தானா, அவுட்டானானா என்பது தெரியும். களம் என்பது நான்கு மூலைகள் கொண்ட ஓர் அட்டை. முதல் மூலை, இரண்டாம் மூலை, மூன்றாம் மூலை என்று சுற்றி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வந்தால் ஓர் ஓட்டம். மூவர் அவுட்டானால் மட்டை கைமாறும். ஒன்பது இன்னிங்ஸ். மூலைகளைத் 'தளம்' என்று அழைக்க வேண்டுமென நான் முன்மொழிந்தேன். ஜெசி அதைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. தூத்துக்குடியைச் சுற்றியுள்ள ஊர்களாக, முதல் மூலை நாசரேத், இரண்டாவது குலசேகரன்பட்டினம், மூன்றாவது அவளுடைய அம்மா பிறந்த கீழவைப்பார், நான்காவது வீடு என்று பெயர் வைத்தாள். ஓடுபவர்களாக வைக்கும் குச்சிகள் முதல் வாரத்திலேயே தொலைந்துபோயின. கடற்கரையில் பொறுக்கிய ஏழு சோழிகள் அந்த வேலையை ஏற்றுக்கொண்டன. "ஏளா, கீழவைப்பார்ல ஒருத்தன் நிக்கான், பாத்து உருட்டு" என்று அவள் என்னை மிரட்டுவாள்.

எங்கள் துன்பமெல்லாம் விதிப்புத்தகத்தின் கடைசி வரியிலிருந்து பிறந்தது. மற்றவையெல்லாம் பேஸ்பாலின் வழக்கமான விதிகளின்படி என்று அது ஒற்றை வரியில் கைகழுவிவிட்டது. வழக்கமான விதிகளை நாங்கள் எங்கே போய்க் காண்பது? பேஸ்பாலைக் கண்ணால் கண்டவர் எங்கள் தெருவில் ஒருவரும் இல்லை. பள்ளி விளையாட்டு ஆசிரியர், "கிட்டிப்புள்ளுதான், கொஞ்சம் பெரிசா" என்றார். ஜெசியின் பப்பாவைத் தொலைபேசியில் கேட்டபோது, "நான் எண்ணெய் பாக்குதவன் தாயி, என்னயப் போயிக் கேக்கியளே" என்று சிரித்தார். இணையத்தில் தேடலாமே என்று ஜெசி சொன்னாள். அவள் அம்மாவின் கைப்பேசி மேசைமேல்தான் இருந்தது. நான் மறுத்துவிட்டேன். வாதத்தால் தீர்க்க வேண்டியதைத் தேடித் தீர்ப்பது கோழைத்தனம் என்று தரையைத் தட்டிச் சொன்னேன். அந்த ஆண்டுதான் எனக்கு மாவட்ட அளவில் முதல் பரிசு கிடைத்திருந்தது. அதற்குமேல் விளக்கம் தேவையில்லை.

ஆகவே ஒரு நோட்டு போட்டோம். இடப்பக்கம் ஜெசியின் உருண்டை எழுத்தில் ஐயம். வலப்பக்கம் என் சாய்ந்த எழுத்தில் தெளிவு. பகடை கட்டிலுக்கடியில் உருண்டால் எண்ணிக்கை சேருமா? சேராது. காயம்பட்டவன் அடுத்த ஆட்டத்தில் இறங்கலாமா? இறங்கலாம், அவன் என் அணியில் இருப்பானேயானால் கட்டாயம் இறங்கலாம். (இந்தப் பிற்பகுதியை நான் எழுதவில்லை, ஆனால் தெளிவுகள் அப்படித்தான் அமைந்தன.) ஒருநாள் பகடையில் 'மழை, ஆட்டம் நிறுத்தம்' என்று விழுந்தது. வெளியே மே மாதத்து வெயில் உப்பளங்களைக் கொதிக்கவைத்துக்கொண்டிருந்தது. "தூத்துக்குடியில மழையா? செல்லாது" என்று நான் தீர்ப்பளிக்கப் போனேன். சமையலறையிலிருந்து ஜெசியின் அம்மா, "அட்டையிலயாவது பெய்யட்டும்ளா, விடு" என்றார். எங்கள் வரலாற்றில் நான் தோற்ற ஒரே வழக்கு அதுதான்.

ஒவ்வொரு கோடைக்கும் ஏழு ஆட்டங்கள். நான்கை வென்றவரின் பெயர் மூடியின் உட்புறத்தில் எழுதப்படும். எழுதுவது எப்போதும் ஜெசி. அவள் கையெழுத்துத்தான் அழகு. மூன்று கோடைகள் தொடர்ந்து என் பெயர். அந்த வெற்றிகளில் பகடை ஈட்டியது எவ்வளவு, நா ஈட்டியது எவ்வளவு என்று நான் பிரித்துப் பார்த்ததில்லை. ஜெசியின் பப்பா ஊருக்கு வரும்போதெல்லாம் மூடியைத் திறந்து பார்ப்பார். "ஏளா ஜெசி, நான் வாங்கியாந்த பெட்டியில பக்கத்து வீட்டுப் பிள்ள பேரால்லா இருக்கு" என்பார். விளையாட்டாகத்தான் சொல்வார். அவளும் சிரிப்பாள். ஆனால் நான்காம் கோடையின் முதல் நாளில் அட்டையை விரித்தபோது அவள் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது: "இந்த வருசம் எம்பேரு. பப்பா வாரதுக்குள்ள எழுதிரணும்."

அது பன்னிரண்டாம் வகுப்பு முடித்த கோடை. அவளுடைய பப்பாவுக்குக் கொச்சியில் கரைவேலை கிடைத்துவிட்டது. மே கடைசியில் குடும்பமே குடிபெயர இருந்தது. ஆறு ஆட்டங்களில் ஆளுக்கு மூன்று. ஏழாவது ஆட்டம் ஒன்பதாம் இன்னிங்ஸ்வரை சமநிலை. ஜெசியின் மட்டை. ஒருவன் அவுட், கீழவைப்பாரில் ஒரு சோழி நிற்கிறது. அது வீட்டுக்கு வந்தால் ஆட்டமும் அவளுடையது, அந்தக் கோடையும் அவளுடையது. பகடையை உருட்டினாள். சீட்டில் 'நடுக்களம், ஆழத்தில் பிடிபட்டது' என்றிருந்தது.

"பிடிச்சாச்சு, ரெண்டு அவுட்டு" என்றேன்.

ஜெசி சோழியை வீட்டுக்கு நகர்த்தினாள். "அடிச்சவன் அவுட்டுதான். ஆனா ஓட்டம் உண்டு. அவ்வளவு தூரத்துல பிடிச்சி, அங்கனேருந்து எறியதுக்குள்ள இவன் வந்துரமாட்டானா?"

"கேட்ச் பிடிச்ச பந்துல ஏதுளா ஓட்டம்? எந்தக் கிரிக்கெட்ல பாத்த?"

"இது கிரிக்கெட்டா?" என்றாள். சீட்டை என் பக்கம் திருப்பி, விரலை ஊன்றினாள். "இந்தா பாரு. அருகே பிடிபட்டதுன்னு ஒண்ணு போட்டுருக்கான், ஆழத்துல பிடிபட்டதுன்னு ஒண்ணு போட்டுருக்கான். பிடிச்சா எல்லாம் முடிஞ்சிரும்னா, அத ரெண்டா எதுக்கு அச்சடிச்சான்?"

நண்பரே, அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. இல்லை என்பது அந்தக் கணமே எனக்குத் தெரிந்தது. ஆனால் விடையில்லாத இடத்தில் என்ன செய்ய வேண்டுமென்பதில் நான் பயிற்சி பெற்றவள். கேட்டவரைப் பார்க்கக்கூடாது, அவையைப் பார்க்க வேண்டும். அவையில் ஒருவர்தான் இருந்தார். ஜெசியின் அம்மா, வாசற்படியில் அமர்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தார். நான் எழுந்து நின்றேன். "நடுவர் அவர்களே!" என்று தொடங்கினேன். கையில் சிக்கிய பந்துக்கும் ஓட்டம் உண்டெனில், வெயிலில் ஓடி, அண்ணாந்து நோக்கி, நெஞ்சோடு அணைத்துப் பிடித்தவனின் உழைப்புக்கு இவ்வுலகில் மதிப்பென்ன என்று கேட்டேன். உழைப்பிலிருந்து நீதிக்குப் போனேன். நீதியிலிருந்து எங்கே போனேனென்று நினைவில்லை. முடித்தபோது அவர் ஈரக்கையோடு கைதட்டினார்.

"எம்மாடி! கீழவைப்பார் எங்க ஊரு. எங்க ஊர்ல நிக்கவன் வீடு வந்து சேந்தா எனக்குச் சந்தோசந்தான். ஆனா இவ எந்திரிச்சி நின்னு இப்படிப் பேசுதாளே, இவகிட்ட எப்படி இல்லன்னு சொல்ல? விட்டுக்குடுளா ஜெசி."

ஜெசி தன் அம்மாவைப் பார்த்தாள். என்னைப் பார்க்கவில்லை. பிறகு ஒற்றை விரலால் சோழியை வீட்டிலிருந்து கீழவைப்பாருக்குப் பின்னோக்கித் தள்ளினாள். "சரி" என்றாள். அடுத்தவன் அவுட்டானான். பத்தாம் இன்னிங்ஸில் நான் வென்றேன். நோட்டில் அவள் ஐயத்தை எழுத, நான் 'சேராது' என்று எழுதி இரண்டு கோடுகள் இழுத்தேன். மூடியில் என் பெயரை நான்காம் முறையாக அவளே எழுதினாள். எழுத்து வழக்கம்போல அழகாகத்தான் இருந்தது.

பத்து நாள் கழித்து ரயில் நிலையத்தில் பெட்டியை என் கையில் கொடுத்தாள். "நீயே வச்சிக்க. எல்லாம் உம்பேருதான." அதை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

"கடைசி ஆட்டத்துல வருத்தமாளா?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன வருத்தம். கீழவைப்பார்ல ஒருத்தன் நிக்கான், அவனப் பாத்துக்க" என்று சிரித்தாள். நானும் சிரித்தேன். "சும்மா நிக்காதளா, ஏதாவது பேசு. நீ பேசுனாத்தான் நல்லாருக்கும்" என்றாள். பேசினேன். நட்பைக் குறித்து மூன்று உவமைகளோடு, வண்டி நகரும்வரை பேசினேன். அவளைப் பேசவிட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்பது அன்று எனக்குத் தோன்றவேயில்லை.

முதலாண்டு அடிக்கடி செய்திகள் அனுப்பிக்கொண்டோம். அண்மையில் அவற்றை மேலே தள்ளித் தள்ளிப் பார்த்தேன். நான் அனுப்பியவை பெரும்பாலும் கேடயத்தோடு நிற்கும் என் படங்கள். அவள் ஒவ்வொன்றுக்கும் 'சூப்பர்ளா' என்று எழுதியிருக்கிறாள். பிறகு கைதட்டும் பொம்மை மட்டும். பிறகு அதுவும் இல்லை. இப்போது அந்த எண்ணை அழைத்தால் உபயோகத்தில் இல்லை என்கிறது.

நான் இப்போது துறைமுகத்துக்கு அருகே, சரக்கு அனுப்பும் ஓர் அலுவலகத்தில் இருக்கிறேன். அங்கும் நாள்முழுதும் விதிகள்தாம். ஐயம் வந்தால் கணினியைத் தட்டுகிறார்கள், தெளிகிறார்கள், அடுத்த தாளுக்குப் போகிறார்கள். யாரும் யாரோடும் வாதிடுவதில்லை. ஞாயிறுதோறும் ஏதாவதொரு மேடை கிடைக்கிறது. எதிரணிப் பேச்சாளர்கள் என்னோடு ஒரே வண்டியில் வந்து, வழியிலேயே யார் எதைச் சொல்வதென்று பங்கிட்டுக்கொள்கிறார்கள். கைதட்டல் குறைவில்லாமல் விழுகிறது. ஆனால் ஒரு சீட்டைத் திருப்பிக் காட்டி, விரலை ஊன்றி, 'அத ரெண்டா எதுக்கு அச்சடிச்சான்?' என்று கேட்பவர் ஒருவர்கூட இல்லை.

இன்று மதியம் வெள்ளையடிப்பவர் சாப்பிடப் போன நேரத்தில், அந்த ஆட்டத்தின் பெயரைக் கைப்பேசியில் தேடினேன். என் சட்டத்தை நானே மீறினேன் என்பதைப் பதிவு செய்கிறேன். ஆட்டத்தை வெளியிட்டவர்கள் கடையை மூடிவிட்டார்கள். அதை இன்னும் ஆடும் சிலர், விதி ஐயங்களுக்காகவே ஒரு பக்கத்தை வைத்திருந்தார்கள். பழைய கேள்விகளைப் புரட்டிக்கொண்டே போனேன். ஒன்பதாம் இன்னிங்ஸ், ஒருவன் அவுட், ஆழத்தில் பிடிபட்ட பந்து என்று ஒரு கேள்வி. தட்டுத்தடுமாறும் ஆங்கிலம். நடுவே ஒரு வரி: 'என் ஆள் கீழவைப்பாரில் நிற்கிறான், மன்னிக்கவும், மூன்றாம் தளத்தில்.'

நாளைப் பார்த்தேன். எங்கள் கடைசி ஆட்டத்துக்கு மறுவாரம்.

'எங்கள் ஊரில் கேட்க ஆளில்லை. ஓட்டம் சேராது என்கிறாள் என் தோழி. சேருமா?' என்று முடித்திருந்தாள். யாரோ ஒருவர் பதில் எழுதியிருந்தார்: 'சேரும். பந்து பிடிபட்ட பிறகு மூன்றாம் தளத்தில் நிற்பவர் ஓடலாம். ஆழம், அருகு என்று இரண்டாகப் பிரித்திருப்பதே அதற்காகத்தான். வென்றது நீங்கள். தோழியிடம் சொல்லுங்கள்.' அதற்குக் கீழே அவளுடைய கடைசிப் பதிவு: 'நன்றி. நாளை நான் ஊரை விட்டுப் போகிறேன். அவள் வழியனுப்ப வருவாள். வாதத்தில் என்னிடம் தோற்கும்போது அவள் முகம் எப்படி இருக்கும் என்று நான் பார்த்ததில்லை. நாளைக்குப் பார்க்க வேண்டாம்.'

அதன்கீழ் ஏதாவது எழுதலாமென்று விரலை வைத்தேன். இந்தக் கேள்வி முடிந்துவிட்டது, புதிய பதில்களை ஏற்பதற்கில்லை என்று பக்கம் சொன்னது.

அவர்கள் இருந்த வீட்டை இடித்து, இப்போது லாரிகளை நிறுத்துகிறார்கள். அந்த வாசற்படி இல்லை. அவளுடைய பப்பா மீண்டும் எப்போதாவது இந்த மூடியைத் திறக்கப்போவதும் இல்லை. இருந்தும், மூடியில் நான்காவது பெயரை அடித்து, பக்கத்தில் 'ஜெசிந்தா' என்று எழுதினேன். என் எழுத்தில் அது அழகாக வரவில்லை.

பெட்டியின் மூலையில் ஒரே ஒரு சோழி மிச்சமிருந்தது. கேடயங்களை ஓரமாகத் தள்ளிவிட்டு அட்டையைத் தரையில் விரித்தேன். சோழியைக் கீழவைப்பாரில் வைத்தேன். பிறகு ஒற்றை விரலால் வீட்டுக்கு நகர்த்தினேன். "சேரும்" என்றேன். பழக்க தோஷம், கடைசி வரிசைவரை கேட்கும் குரலில் வந்துவிட்டது.

சாப்பிட்டுத் திரும்பியிருந்த வெள்ளையடிப்பவர் ஏணியின் உச்சியிலிருந்து குனிந்து பார்த்தார். "கூப்பிட்டியளாம்மா?"

இல்லை என்றேன்.