தடைக்காலம் வரட்டும்

கடலூர் முதுநகரில் விடியும் முன்னே மீன் எடுத்து, அன்னக்கூடையில் ஐஸ் போட்டு, பஸ் பிடித்து சிதம்பரம் போய், அண்ணாமலை நகர் குவார்ட்டர்ஸ் பக்கம் தெருத்தெருவாக விற்கிறவள் ஞானமேரி. வயது ஐம்பத்தாறு. பெற்றது நாலு. கடைசிப் பிள்ளை பிறந்து இருபதாம் நாளே கூடையைத் தூக்கின தலை அது.

போன மழைக்காலத்தில் ஒருநாள் கூடையை இறக்கிக் குந்தினாள். அடியில் ஏதோ உருண்டையாக வெளியே வந்து முட்டியது. ஒரு மறைவுக்குப் போய்க் கையால் உள்ளே தள்ளிவிட்டு, மிச்சமிருந்த சங்கரா மீனையும் விற்ற பிறகுதான் பஸ் ஏறினாள். புருஷன் தைரியராஜிடம்கூட மூச்சுவிடவில்லை.

டிசம்பரில், நடக்கவே முடியாமல் போனபோது, சிதம்பரத்தில் டாக்டர் அருள்மொழியைப் பார்த்தாள். கர்ப்பப்பை இறங்கியிருக்கிறது என்றார் டாக்டர். ஆரம்பத்திலேயே வந்திருந்தால் அடித்தசையை இறுக்கி விடுகிற பயிற்சியே உதவியிருக்கும். இப்போது அது மட்டும் போதாது. ஒன்று, ஆபரேஷன் செய்து கர்ப்பப்பையை எடுத்துவிட்டு, தளர்ந்ததைத் தூக்கித் தைக்கலாம். மூன்று மாசம் கனம் தூக்கக் கூடாது. இல்லையென்றால், உள்ளே ஒரு ரிங்கை வைத்துத் தாங்கிப் பிடிக்கலாம். மூன்று மாசத்துக்கு ஒருமுறை கழற்றிக் கழுவி, புண் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எதைச் செய்தாலும் கூடைக் கனத்தைக் குறைத்தாக வேண்டும். முடிவு உங்களுடையது என்று சொல்லிவிட்டார்.

ஞானமேரிக்கு யோசிக்க ஒன்றுமில்லை. ஏப்ரல் பாதியில் மீன்பிடித் தடைக்காலம். போட்டெல்லாம் ரெண்டு மாசம் கரையில் கிடக்கும், கூடையும் கிடக்கும். மூன்றாவது மாசத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

"இப்ப ரிங்க வைங்கம்மா. தடைக்காலம் வந்ததும் ஆபரேசனுக்கு வந்து படுத்துக்கிறேன்."

"சரி. ஆனா மார்ச்ல காட்டிட்டுப் போகணும். ரத்தம் பட்டாலோ வாடை வந்தாலோ அன்னைக்கே வரணும்."

ரிங் நன்றாகத்தான் தாங்கியது. அந்தச் சுகத்தில் கூடைக் கனம் குறையவில்லை, கூடியது. மார்ச் வந்தபோது, அடுத்த மாசம் எப்படியும் போய்ப் படுக்கத்தானே போகிறோம் என்று விட்டுவிட்டாள்.

மார்ச் கடைசியில் ஒரு வாடை தொடங்கியது. மீன்காரியிடம் வாடை வந்தால் யார் சந்தேகப்படுவார்கள்? அவளுமே கூடையைத்தான் ரெண்டு தடவை சோடா உப்புப் போட்டுத் தேய்த்தாள். மூக்கை வைத்தே முந்தாநாள் மீனைச் சொல்லிவிடுகிறவள், இது மீன் இல்லை என்று தெரிந்தும் தேய்த்தாள்.

இருபது வருஷமாக அவளிடம் வாங்கும் தில்லையம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்தினாள்.

"என்ன மேரி, ஐஸ்ல கெடந்த பழச எங்க தலையில கட்டுறியா?"

"செவுளத் தூக்கிப் பாருக்கா. காலையில எறங்குன மீனு."

தூக்கிப் பார்த்தாள். செவுள் சிவப்பாக, பச்சை ரத்தமாக இருந்தது. தில்லையம்மாள் கூடையைப் பார்த்தாள், பிறகு ஞானமேரியைப் பார்த்தாள். அன்றைக்கு அவள் பேரம் பேசவில்லை.

அன்று சாயங்காலமே துணியில் ரத்தக்கறை. மாசத் தீட்டு ஏழு வருஷத்துக்கு முன்னே நின்றுபோனது. தடைக்காலத்துக்குப் பதினாறு நாள் இருந்தது. பதினாறு நாளும் துணியை மடித்து வைத்துக்கொண்டு கூடை தூக்கினாள்.

தடை தொடங்கின முதல் நாளே போய்ப் படுத்தாள். டாக்டர் ரிங்கைக் கழற்றினார். கூட நின்ற நர்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"ரத்தம் எப்பலேர்ந்து?"

"ரெண்டு மூணு நாளாம்மா."

"மேரி."

"பதினாறு நாளு."

ரிங் அழுத்தின இடம் புண்ணாகிக் கிடந்தது. ரிங்கால் வந்த புண்ணாகவே இருக்கலாம், அப்படித்தான் பெரும்பாலும் இருக்கும் என்றார் டாக்டர். ஆனால் நின்ற ரத்தம் திரும்ப வந்ததால் சதையில் துளி எடுத்து, புற்றா என்று பரிசோதனைக்கு அனுப்பாமல் எதையும் சொல்ல முடியாது. ஆபரேஷனும் இப்போது இல்லை, ரிங்கும் இல்லை.

மீன் செதில் அளவுக்கு ஒரு துணுக்கு, சின்னக் குப்பிக்குள் மிதந்தது. ஞானமேரி அதையே பார்த்தாள்.

"அது எதுவா இருந்தாலும், தடைக்காலத்துக்குள்ள முடிஞ்சிருமாம்மா?"

டாக்டர் குப்பியின் மேல் அவள் பேரை எழுதிக்கொண்டிருந்தார்.